இரண்டு ஆரஞ்சுப் பெட்டிகள்: மாட் செய்த பெடலும் கடையில் வந்த பெடலும்

குன்னூரில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மாலை 5 மணிக்கே விளக்குப் போட்டாக வேண்டும். அப்படி ஒரு சாயங்காலம்தான் அந்தப் பார்சல் வந்தது. கோவையிலிருந்து மலையேறி வரவேண்டியது, பர்லியார் பக்கம் மண் சரிந்ததால் நான்கு நாள் தாமதம். உள்ளே பாஸ் (Boss) கம்பெனியின் டிஎஸ்-1 டிஸ்டார்ஷன் பெடல், கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கக் காலால் மிதிக்கும் ஆரஞ்சுப் பெட்டி. யாரோ ஒருவர் உள்ளே பாகங்களை மாற்றி, 'மாட்' செய்து விற்றது. புதுப் பெடலின் விலையைப் போல ஒன்றரை மடங்கு கொடுத்திருந்தேன்.

நான் கிட்டார் கற்றுக்கொடுப்பவன். சனி, ஞாயிறுகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறேன். கல்யாணம், சர்ச் விழா, படுகர் ஊர்களில் நடக்கும் பண்டிகை என்று குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர் எல்லாம் சுற்றுவோம். என் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சார், மாட் பண்ணின பெடல் வாங்கலாமா, கடையில வர்றதே போதுமா?" அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லும் நிலைக்கு வர எனக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் ஆயிற்று. அந்த வருஷத்தில் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

முதல் நாள் ராத்திரி நான் மயங்கிப் போனேன். மாட் செய்த பெடலை மிதித்ததும் ஒலி முகத்துக்கு நேரே வந்து நின்றது. பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு டிஎஸ்-1 வைத்திருந்தேன். அருவங்காட்டில் இருக்கும் ஓர் அண்ணன், எனக்கு முதன்முதலில் பவர் கார்டு (ராக் இசையில் வரும் எளிய சுரக் கூட்டு) பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர், தன்னுடைய பழைய பெடலைக் கடனாகக் கொடுத்திருந்தார். யாரும் உள்ளே கைவைக்காத பெட்டி. அதை மிதித்தால் ஒலி சுருங்கி, இருமல் வந்தவர் பேசுவதுபோல இருந்தது. இரண்டிலும் குமிழ்களை ஒரே இடத்தில்தான் வைத்திருந்தேன். 'கொடுத்த காசு வீண் போகவில்லை' என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவில் எத்தனை தப்பு ஒளிந்திருந்தது என்பது பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

முதல் தப்பு, சத்த அளவு. இதை நன்றாக விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் காசை விடுவது இங்கேதான்.

டிஎஸ்-1 எப்படி ஒலியை உடைக்கிறது என்றால், கிட்டாரிலிருந்து வரும் சின்ன சிக்னலை முதலில் ஒரு டிரான்சிஸ்டரும் அப்புறம் ஆப்-ஆம்ப் என்ற பெருக்கிச் சில்லும் (ஐசி) பெரிதாக்குகின்றன. பெரிதான அலை இரண்டு சிலிக்கான் டயோடுகளிடம் வருகிறது. ஒரு டயோடு அலையின் மேல்பக்கத்தையும் மற்றது கீழ்ப்பக்கத்தையும் சுமார் 0.6 வோல்ட்டில் வெட்டிவிடும். அப்படி வெட்டுப்பட்ட அலைதான் நாம் கேட்கும் கரகரப்பு. மாட் செய்பவர்கள் பெரும்பாலும் முதலில் கைவைப்பது இந்த டயோடுகளில்தான். என் பெடலில் அவற்றை எடுத்துவிட்டு இரண்டு சிவப்பு எல்ஈடி போட்டிருந்தார்கள். சிவப்பு எல்ஈடி அலையை வெட்டத் தொடங்குவது சுமார் 1.7 வோல்ட்டில். அதாவது அலை கிட்டத்தட்ட மூன்று மடங்கு உயரம் வரை தலைதூக்கலாம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 9 டெசிபெல் கூடுதல் சத்தம். லெவல் குமிழைத் தொடாமலே!

மனிதக் காதுக்கு ஒரு குணம் உண்டு. சத்தம் கூடும்போது தாழ்ந்த சுரங்களையும் உச்சத்தையும் கூடுதலாகக் கேட்கும். 1933இல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து வரைபடமாகவே போட்டிருக்கிறார்கள். அதனால் ஒரே ஒலியை இரண்டு அளவில் கேட்கக் கொடுத்தால், பெரிய சத்தம் 'கனமாகவும் தெளிவாகவும்' தோன்றும். நான் அன்று ராத்திரி மயங்கியது பெரும்பாலும் இந்த 9 டெசிபெல்லுக்குத்தான்.

சரி, சத்தத்தைச் சமப்படுத்துவது எப்படி? நான் செய்தது இது. வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டும் லூப்பர் பெடல் ஒன்றை முதலில் வைத்து, டிஸ்டார்ஷன் இல்லாமல் எட்டு பார் (தாளச் சுற்று) வாசித்துப் பதிந்தேன். திறந்த கம்பியில் ஒரு கார்டு, கீழ்க் கம்பிகளில் ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்னச் சுரத்தொடர்), மேலே நான்கு சுரம் தனியாக. அந்தப் பதிவு ஓடிக்கொண்டே இருக்கும்போது இரண்டு பெடல்களையும் மாறிமாறி மிதித்து, போனில் உள்ள சத்த அளவி செயலியைப் பார்த்து லெவல் குமிழைக் குறைத்துக்கொண்டே வந்தேன். செயலி தோராயமாகத்தான் காட்டும், அது போதும். கடைசியில் காதால் சரிபார்க்க வேண்டும். லூப்பரில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. கையால் வாசித்து ஒப்பிட்டால், பிடித்த பெடலுக்கு நம் கை தானாகவே நன்றாக வாசித்துவிடும். பதிவு அப்படிச் செய்யாது.

சமப்படுத்திய பிறகும் மாட் பெடல் முன்னால்தான் நின்றது, முன்பு இருந்த தூரத்தில் பாதிகூட இல்லாமல். ஆனாலும் அண்ணனின் பெட்டி ஏன் இவ்வளவு சோகையாக இருக்கிறது என்பது எனக்கு உறுத்தியது. டிஎஸ்-1 1978இல் வந்த பெடல். உலகம் முழுக்க எத்தனையோ பெரிய வாசிப்பாளர்கள் மிதித்தது. கர்ட் கோபெய்ன், ஜோ சாட்ரியானி, ஸ்டீவ் வாய் என்று யாரைப் பார்த்தாலும் இந்த ஆரஞ்சு நிறம் கண்ணில் படும். இத்தனை பேர் சோகையான ஒலிக்காகவா இதைக் காலடியில் வைத்திருந்தார்கள்?

விடை கிடைத்தது கரன்ட் போன ஓர் இரவில். கிட்டார் ஒலியைப் பெரிதாக்கித் தரும் ஆம்ப் அணைந்துவிட்டது. சும்மா இருக்க முடியாமல் மாட் பெடலின் அடித்தகட்டைக் கழற்றி, பேட்டரி போட்டு, கிட்டாரைச் செருகிக் கம்பியை ஓங்கித் தட்டினேன். இருட்டில் உள்ளே அந்த இரண்டு எல்ஈடிகளும் மினுக் மினுக்கென்று சிவந்தன. தட்டத் தட்ட ஒளி. சத்தமே இல்லாமல் டிஸ்டார்ஷனைக் கண்ணால் பார்த்த ராத்திரி அது. அந்த உற்சாகத்தில் அண்ணனின் பெட்டிக்கும் பேட்டரி போட்டேன். மேலே இருக்கும் சின்ன விளக்கு பளிச்சென்று எரிந்தது. அதுவரை அடாப்டரில் அது மங்கலாகத்தான் எரிந்துகொண்டிருந்தது, பழைய பெட்டி, விளக்குத் தேய்ந்திருக்கும் என்று நானாகவே நினைத்திருந்தேன்.

கரன்ட் வந்ததும் பேட்டரியிலேயே வாசித்துப் பார்த்தேன். வேறு பெடல்! இருமல் போய்விட்டது. கடித்துப் பேசுகிற, நடுங்காத ஒலி.

காரணம் அடாப்டர் செருகும் துளைக்குப் பக்கத்தில் எழுதியிருந்தது: ஏசிஏ. பழைய பாஸ் பெடல்கள் ஏசிஏ வகை அடாப்டருக்காகச் செய்தவை. அந்த அடாப்டர் வோல்ட்டேஜை நிலையாக்காமல் 12 வோல்ட்டை ஒட்டித் தரும். அதைக் குறைப்பதற்காகப் பெடலுக்குள்ளேயே ஒரு ரெசிஸ்டரும் டயோடும் வைத்திருப்பார்கள். இப்போது எல்லோரும் வைத்திருப்பது பிஎஸ்ஏ வகை, நிலையான 9 வோல்ட். அதை ஏசிஏ பெடலில் தனியாகச் செருகினால் உள்ளே அந்த ரெசிஸ்டரும் டயோடும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் சர்க்யூட்டுக்கு விடும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது உள்ளே 7 வோல்ட்டை ஒட்டித்தான் இருந்தது. பட்டினி போட்ட பெடலையும் வயிறு நிறைந்த பெடலையும் பந்தயம் விட்டிருக்கிறேன்.

யாராவது பழைய பெடல் வாங்கினால் முதலில் அந்தத் துளைப் பக்கத்து எழுத்தைப் பாருங்கள். ஏசிஏ என்றால் பேட்டரியில் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும். ஒரே அடாப்டரிலிருந்து கிளைபிரியும் வயரில் புதுவகைப் பெடலோடு சேர்த்து இணைத்தால், பெடல்களை ஒன்றோடொன்று இணைக்கும் பேட்ச் கேபிள் வழியாக எர்த் நேராகக் கிடைத்து, அந்தப் பழைய பெடலும் முழு 9 வோல்ட்டில் ஓடும். 'மேடையில் நன்றாக இருந்தது, வீட்டில் இல்லை' என்று சிலர் குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் இன்னொரு சிக்கல். அண்ணனின் பெடலில் இருப்பது தோஷிபாவின் பழைய ஐசி. 1994 வாக்கில் அந்த ஐசியை விட்டுவிட்டு வேறு ஐசிக்கு மாறினார்கள், அதற்கேற்பச் சுற்றியுள்ள சில பாகங்களும் மாறின. என் மாட் பெடலோ அதற்குப் பிந்தைய சர்க்யூட் பலகை. ஆகவே நான் ஒப்பிட்டது மாட் செய்ததையும் செய்யாததையும் அல்ல, இரண்டு வேறு சர்க்யூட்டுகளை. வேறு வழியில்லை, புதிதாக ஒரு டிஎஸ்-1 வாங்கினேன். வீட்டில் மூன்று ஆரஞ்சுப் பெட்டி. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, மூன்றையும் பூசணிக்காய் வரிசைபோல ஜன்னலோரம் அடுக்கிவைத்தார்.

குழுவின் டிரம்மர் தம்பியையும் கீபோர்டு வாசிக்கும் அக்காவையும் வரச்சொன்னேன். அவர்கள் ஆம்புக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். லூப்பர் ஓடியது. நான் காசைச் சுண்டி, தலை விழுந்தால் மாட், பூ விழுந்தால் ஸ்டாக் (கடையில் வந்தபடியே இருக்கும் புதுப் பெடல்) என்று மிதித்தேன். கரகரப்பைக் கூட்டும் டிஸ்ட் குமிழை, கடிகார முள்போல, மூன்று மணி நிலைக்கு மேலே ஏற்றி வைத்தபோது இருவரும் பாதிக்குப் பாதிதான் சரியாகச் சொன்னார்கள். அது காசைச் சுண்டிப் பதில் சொல்வதற்குச் சமம். குமிழை ஒன்பது மணிக்கு இறக்கியதும் கதை மாறியது. அக்கா ஒருதடவைகூடத் தவறவில்லை.

"எப்படிக்கா கண்டுபிடிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணு விரல் பட்டதும் திறக்குது. இன்னொண்ணு எல்லாத்தையும் ஒரே உயரத்துல தட்டி வைக்குதுங்க தம்பி."

இதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. எல்ஈடி உயரத்தில் வெட்டுவதால், மெதுவாக வாசிக்கும் சுரம் வெட்டுப்படாமலே தப்பித்துப் போகிறது, அழுத்தி வாசித்தால் மட்டும் உடைகிறது. சிலிக்கான் டயோடு தாழ்வாக வெட்டுவதால் மெதுவும் அழுத்தமும் ஒன்றாகி, நீண்டு ஒலிக்கிறது. டிஸ்ட் குமிழை முழுக்க ஏற்றினால் எல்லாச் சுரமும் எப்படியும் வெட்டுப்படும், வித்தியாசம் கரைந்துபோகும். அதனால் எப்போதும் முழுக் கரகரப்பில் வாசிக்கும் மாணவர்களிடம் நான் இப்போது சொல்வது: உனக்கு டயோடு மாற்றம் வேண்டாம், அந்தக் காசில் நல்ல கேபிள் வாங்கு.

மாட் பெடலில் ஐசிக்கு சாக்கெட் வைத்திருந்தார்கள். அதில் விலைகூடிய ஐசி ஒன்று உட்கார்ந்திருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு, எந்த மின்னணுக் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் 4558 என்ற ஐசியைச் செருகினோம். திரும்பத் திரும்ப மாற்றி, மூன்று பேரும் கண்ணை மூடிக் கேட்டோம். யாருக்கும் பிடிபடவில்லை. விளம்பரத்தில் முதல் வரியாக எழுதியிருந்தது அந்த ஐசியைப் பற்றித்தான்.

இன்னொன்றும் கவனித்தேன். சாதாரண எலக்ட்ரோலைட்டிக் கபாசிட்டர்களின் மதிப்பு 20 சதவீதம் வரை கூடக்குறைய இருக்கலாம் என்பது எல்லாரும் ஒப்புக்கொள்ளும் அளவு. குமிழ்களும் அப்படித்தான். ஒரே நாளில் ஒரே ஆலையில் செய்த இரண்டு பெடல்களில்கூட 'பன்னிரண்டு மணி' என்பது ஒரே இடமாக இருக்காது. குமிழின் கோட்டைப் பார்த்து ஒப்பிடாமல் காதுக்கு ஒன்றாக வரும்வரை திருப்பி வைத்துவிட்டு, அதற்குப் பிறகும் மிஞ்சும் வித்தியாசத்தைத்தான் மாட்டின் கணக்கில் எழுத வேண்டும்.

வீட்டுக்குள் நடந்தது இவ்வளவு. வெளியே போனபோதுதான் உண்மையில் முக்கியமானது தெரிந்தது.

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் ஊர்) விழா. திறந்த வெளி, பனி இறங்கிக்கொண்டிருந்தது. படுகர் பாட்டுக்குப் பெரியவர்கள், பிள்ளைகள் எல்லோரும் வட்டமாகச் சேர்ந்து ஆடுவார்கள், தாளம் நின்றுவிடக் கூடாது. கீபோர்டு, ரிதம் பேடு, பேஸ் கிட்டார், நடுவில் நான். ஸ்டாக் பெடலை மிதித்துத் தனியாக வாசிக்க வேண்டிய இடத்தில் வாசித்தேன். தம்பி டிரம்மிலிருந்து கையைக் காட்டினான்: கேட்கவில்லை. லெவலை ஏற்றினேன். கீச்சென்று காதைக் குத்தியதே தவிர, பாட்டுக்குள் கிட்டார் இல்லை. இரண்டாவது பாட்டில் மாட் பெடலுக்கு மாறினேன். சத்தம் ஏற்றாமலே கேட்டது.

வித்தியாசம் டயோடில் இல்லை, டோன் சர்க்யூட்டில் இருந்தது. டிஎஸ்-1இன் டோன் குமிழ் இரண்டு வடிகட்டிகளுக்கு நடுவே நகர்கிறது. ஒன்று சுமார் 230 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் கடந்துபோக விடுகிறது, மற்றது சுமார் 1060 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைக் கடந்துபோக விடுகிறது. குமிழ் நடுவில் இருந்தால் இரண்டும் கலக்கும், ஆனால் 500 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளம் விழும். தனியாக வாசிக்கும்போது அந்தப் பள்ளம் அழகு. அடியும் உச்சியும் விரிந்து, பெரிய ஆம்ப் வைத்ததுபோல இருக்கும். குழுவோடு வாசிக்கும்போது அடியைப் பேஸ் கிட்டார் எடுத்துக்கொள்ளும், உச்சியைச் சிம்பலும் கீபோர்டும் எடுத்துக்கொள்ளும். கிட்டாருக்கென்று மிஞ்சுவது நடுப்பகுதி, அங்கேதான் பள்ளம். என் மாட் பெடலில் மேல் வடிகட்டியின் 0.022 மைக்ரோஃபாரட் கபாசிட்டரை எடுத்துவிட்டு 0.047 போட்டிருந்தார்கள். அதனால் 1060 என்ற எல்லை 500க்கு இறங்கி, பள்ளத்தைப் பாதிக்கு மேல் தூர்த்துவிட்டது.

அதே விழாவில் மாட் பெடலின் குறையும் தெரிந்தது. 'பேஸ் கூட்டியது' என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். உள்ளே நுழையுமிடத்துக் கபாசிட்டர்களைப் பெரிதாக்கி, கீழ்ச் சுரங்களைத் தாராளமாக விட்டிருந்தார்கள். வீட்டில் அது இனிமை. மேடையில் பேஸ் வாசிப்பவரோடு முட்டிக்கொண்டு களியாகிவிட்டது. உடைபடுவதற்கு முன்னால் கீழ்ச் சுரம் அதிகமாகப் போனால், அதுதான் முதலில் உடைந்து மற்ற எல்லாவற்றின்மீதும் சேற்றை அப்பும். டியூப் ஸ்க்ரீமர் வகைப் பெடல்களில் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கத்தைக் குறைத்து வைத்திருப்பதற்கு இப்படி ஒரு பயன் இருக்கிறது. அந்த 'கூடுதல் பேஸ்' மாற்றத்தை மட்டும் பிறகு நான் பழையபடியே மாற்றிவிட்டேன்.

இங்கே மலை ஊர்களில் வாசிப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். பெரும்பாலான விழாக்களில் கிட்டார் ஆம்ப் இருக்காது. சவுண்ட் செட் அண்ணன் ஒரு வயரைக் கொடுத்து, நேராக மிக்சரில் செருகச் சொல்வார். டிஸ்டார்ஷன் பெடலை அப்படிச் செருகினால் எந்தப் பெடலும் வண்டு ரீங்கரிப்பதுபோலத்தான் இருக்கும். கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேலே தானாகவே ஒலியைக் குறைத்துவிடும், மேடைப் பெட்டிகள் அப்படிக் குறைக்காது. பெடலுக்குப் பின்னால், அந்த ஸ்பீக்கரைப் போலவே ஒலியை வடிகட்டும் கேபினட் சிமுலேட்டர் ஒன்றை வைத்தோம், ஸ்டாக், மாட் இரண்டுமே கேட்கும்படி ஆயின. மாட்டுக்கு நான் கொடுத்த கூடுதல் காசை முதலிலேயே அதற்குக் கொடுத்திருக்க வேண்டும்.

கடைசியில், புதிதாக வாங்கிய பெடலில் நானே இரண்டே இரண்டு மாற்றம் செய்தேன். 0.022 கபாசிட்டருக்குப் பதில் 0.047. இரண்டு டயோடில் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு ஒரு சிவப்பு எல்ஈடி, மற்றதை அப்படியே விட்டேன். இரண்டு பக்கமும் எல்ஈடி போட்டால் நீண்டு ஒலிக்கும் தன்மை குறைகிறது, எனக்கு அது வேண்டும். ஒரு பக்கம் உயரமாகவும் ஒரு பக்கம் தாழ்வாகவும் வெட்டும்போது இரட்டைப்படை ஹார்மோனிக்ஸும் (மூல அதிர்வின் இரண்டு, நான்கு மடங்கு அதிர்வுகள்) சேர்கிறது. பாகங்களுக்கு ஆன செலவு இரண்டு டீயும் ஒரு வர்க்கியும் வாங்கும் காசுதான்.

செய்கிறவர்கள் சிலதைக் கவனிக்க வேண்டும். பலகையில் செம்புத் தடங்கள் மெல்லியவை. 25 வாட் சால்டரிங் அயர்ன் (பற்றவைக்கும் கருவி) போதும், ஒரே இடத்தில் மூன்று நொடிக்கு மேல் வைக்காதீர்கள், தடம் உரிந்து வந்துவிடும். எனக்கு ஒன்று உரிந்து, வயர் வைத்து ஒட்டுப்போட வேண்டியதாயிற்று. எல்ஈடியை எடுத்த டயோடு இருந்த திசையிலேயே போட வேண்டும். திருப்பிப் போட்டால் இரண்டும் ஒரே பக்கத்தை வெட்டும், மறுபக்கம் சும்மா விடப்படும். திறந்து பார்த்ததும் அரிசிக் குருணை அளவில் பாகங்கள் தெரிந்தால் மூடிவிடுங்கள், அது சாதாரண அயர்னுக்கான வேலை இல்லை. கழற்றிய பாகங்களைத் தாளில் சுற்றி, எது எங்கே இருந்தது என்று எழுதி, பெடல் வந்த அட்டைப்பெட்டியிலேயே போட்டு வையுங்கள். திறந்தால் வாரண்டி போய்விடும் என்பதையும் யோசித்துத்தான் திருப்புளியை எடுக்க வேண்டும்.

நம் ஊர் ஈரம் தனி எதிரி. மழைக்காலத்தில் ஜாக்கும் குமிழும் கரகரக்கத் தொடங்கினால் பெடல் கெட்டுவிட்டது என்று மாற்றப் போகாதீர்கள். கான்டாக்ட் கிளீனர் அடித்துக் குமிழை இருபது தடவை திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். நான் பெடல் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு வைக்கிறேன். பேட்டரி போட்டிருந்தால், வாசித்து முடித்ததும் கிட்டார் வயரைப் பிடுங்கிவிட வேண்டும். அந்த வயர் செருகியிருக்கும்வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

மாட் செய்த பெடலை என் மாணவன் ஒருவனுக்கு, எதெது மாற்றியது என்று ஒரு தாளில் எழுதிவைத்து, நான் வாங்கியதைவிடக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டேன். அவன் தனியாக வீட்டில் பதிவுசெய்து வாசிப்பவன், அவனுக்கு அது பொருந்துகிறது. அண்ணனின் பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுக்க அருவங்காட்டுக்குப் போனபோது புதுப் பேட்டரி போட்டு எடுத்துப் போனேன். அவர் செருகி, அந்த முதல் பவர் கார்டையே வாசித்தார். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"இது இப்படிச் சத்தம் போட்டு எவ்வளவு வருஷமாச்சு. உள்ள என்னப்பா மாத்தின?" என்றார்.

"ஒண்ணும் மாத்தலைங்கண்ணா," என்றேன். அடாப்டர் துளைக்குப் பக்கத்தில் இருந்த எழுத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து படித்தார்.